இடது முழங்காலுக்குக் கீழே

கணுக்காலுக்கு மேலே நான்கு விரல் அகலம் தள்ளி, காலின் உட்பக்கம், தோலுக்கு நேர் கீழே எலும்பு தட்டுப்படும் இடத்தில்தான் அதைக் கட்ட வேண்டும். கொஞ்சம் பின்னால் தள்ளினால் கெண்டைச்சதை வந்துவிடும். சதை ஆடும் ஆட்டமும் சேர்ந்து பதிவாகும். பட்டை தளர்ந்தால் கருவி தனியாகக் குதிக்கும். ரொம்ப இறுக்கினால் கால் மரத்துப்போகும். ஒரு விரலின் நுனி மட்டும் சிரமப்பட்டு நுழையும் அளவுக்கு இறுக்கம் இருக்கட்டும் என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லியிருந்தார். யாருடைய விரல் என்று சொல்லவில்லை. முதல் நாளே எனக்கும் என் நாத்தனாருக்கும் அதில் வாக்குவாதம். கடைசியில் என் வலது கை ஆட்காட்டி விரல் என்று முடிவு செய்து, அதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.

கருவி என்பது தீப்பெட்டியில் பாதி அளவுள்ள இரண்டு கறுப்புப் பெட்டிகள். காலுக்கு ஒன்று. ஓடும்போது பாதம் தரையில் இறங்கும் ஒவ்வொரு முறையும் எலும்பு எவ்வளவு அதிர்கிறது என்பதை உணர்ந்து செல்போனுக்கு அனுப்பும். ஓட்டம் முடிந்ததும் திரையில் இரண்டு எண்கள் வரும். இடது கால் புவியீர்ப்பைப் போல் இத்தனை மடங்கு அதிர்ந்தது, வலது கால் இத்தனை மடங்கு அதிர்ந்தது என்று. அந்த இரண்டு எண்களும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் நாங்கள் ஒரு மாதம் பாடுபட்டோம்.

நாத்தனார் என் கணவரின் தங்கை. முப்பத்தொன்பது வயது. எங்கள் வீட்டின் மாடிப் பகுதியில் குடியிருக்கிறாள். கீழ்பென்னாத்தூரில் பள்ளியில் படித்தபோது ஓட்டப்பந்தயத்தில் மாவட்ட அளவில் ஜெயித்தவள். கல்யாணத்தோடு நின்றுபோன ஓட்டத்தை, ரத்தத்தில் சர்க்கரை எல்லையைத் தொட்டதும், முப்பத்தாறு வயதில் மறுபடி ஆரம்பித்தாள். சர்க்கரை இறங்கிவிட்டது. ஓட்டம் நிற்கவில்லை. அவள் வேலை பார்க்கும் துறையில் ஊழியர்களுக்கு வருடா வருடம் மாநிலப் போட்டி நடக்கும். முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கான ஐந்தாயிரம் மீட்டரில் போன வருடம் பெயர் கொடுத்தாள். போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது இடது முழங்காலுக்குக் கீழே எலும்பில் மயிரிழை விரிசல் விட்டது. இரண்டு மாதம் நடையே இல்லை. எலும்பு சேர்ந்துவிட்டது. இந்த வருடம் மறுபடி பெயர் கொடுத்திருந்தாள். ஆனால் ஏற்கெனவே அடிபட்டவள் என்பதால், ஓடலாம் என்று ஒரு உடற்தகுதிக் கடிதம் கொண்டுவந்தால்தான் பட்டியலில் சேர்ப்போம் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். கடைசித் தேதிக்கு முப்பத்தொரு நாள் இருந்தது.

செங்கம் சாலையில், ஆசிரமத்தைத் தாண்டி ஒரு சந்தில், பிசியோதெரபிஸ்ட் ஒருவர் இருக்கிறார். வெளியூர்க்காரர். இங்கே வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. யோகா செய்து முதுகைப் பிடித்துக்கொள்ளும் வெளிநாட்டவர்கள்தான் அவரிடம் ஜாஸ்தி வருவார்கள். நாத்தனாரின் பழைய எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது இதுதான்: "எலும்பு சேர்ந்திருக்கு. ஆனா இடது கால் திரும்பவும் ஜாஸ்தி அடி வாங்குதான்னு தெரியாம நான் கையெழுத்துப் போட மாட்டேன். ரெண்டு கருவி தர்றேன். தினமும் ஒரே ரோடு, ஒரே நேரம், ஒரே வேகம். அளந்து எழுதிட்டு வாங்க."

ஒரே ரோடு, ஒரே நேரம் என்றதும் நாத்தனார் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். நான் இருபத்தாறு வருடங்களாக ஒரு கல்லூரியில் இயற்பியல் ஆய்வக உதவியாளர். எங்கள் ஆய்வகத்தில் எந்தக் கருவி எந்த வருடம் எத்தனை பிழை காட்டியது என்று என்னிடம் எழுத்தில் இருக்கிறது.

"சார், இவங்க கிட்ட போய் ஒரே மாதிரின்னு சொல்லிட்டீங்களே," என்றாள் அவள். "இனிமே நான் தும்மறதுகூட ஒரே நேரத்துலதான் தும்மணும்."

மறுநாள் காலை ஐந்தே காலுக்கு ஆரம்பித்தோம். ஆசிரமத்துக்கு எதிரிலிருந்து கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலை வரை. அவள் முன்னால் ஓடுவாள். நான் பின்னால் ஸ்கூட்டரில் தண்ணீர், துண்டு, நோட்டு சகிதம் போவேன். அடி அண்ணாமலையில் ஒரு டீக்கடை. அங்கே உட்கார்ந்து பட்டையை அவிழ்ப்பேன், எண்களை எழுதுவேன், டீ குடித்துவிட்டு இருவரும் ஸ்கூட்டரில் திரும்பிவிடுவோம். ஏழு மணிக்கு வீட்டில் இட்லி.

முதல் நாள்: இடது 7.9, வலது 6.2.

இரண்டாம் நாள்: இடது 7.8, வலது 6.2.

மூன்றாம் நாள் இடது எட்டைத் தொட்டது. பயந்துவிட்டேன். ஆனால் ஆய்வகத்தில் இருப்பவர்களுக்கு முதலில் சந்தேகம் வருவது கருவி மேல்தான். நான்காம் நாள் இரண்டு பெட்டிகளையும் கால் மாற்றிக் கட்டினேன். இடதில் இருந்தது வலதுக்கு, வலதில் இருந்தது இடதுக்கு. கருவியில் கோளாறு என்றால் இப்போது வலது கால் ஜாஸ்தி காட்ட வேண்டும். காட்டவில்லை. இடதுதான் ஜாஸ்தி.

ஐந்தாம் நாள் பட்டையைப் புதிதாக மாற்றினேன். இடது ஜாஸ்தி. ஆறாம் நாள் காலணியை மாற்றச் சொன்னேன். பழைய ஜோடியில் இடது அடிப்பாகம் ஒரு ஓரம் தேய்ந்திருந்தது. புது ஜோடி போட்டும் இடது ஜாஸ்தி. ஏழாம் நாள் செல்போனை இடுப்புப் பையின் வலப்பக்கத்திலிருந்து நடுவுக்கு மாற்றினேன். எட்டாம் நாள் தோலில் வியர்வை வழுக்குகிறதோ என்று பட்டைக்குக் கீழே ஒட்டும் துணி சுற்றினேன். எல்லா நாளும் இடது, இடது, இடது. ஒரு நாளைக்கு ஒன்றைத்தான் மாற்றினேன். மற்றதெல்லாம் முந்தின நாள் இருந்த மாதிரியே. ஒரு பொருளின் எடையை எத்தனை முறை நிறுத்தாலும் தராசு ஒரே பக்கம் சாய்கிறது, ஏன் என்று தெரியவில்லை என்றால் மனிதருக்கு என்ன எரிச்சல் வரும்? எனக்கு அந்த எரிச்சல் தூக்கத்தில்கூட இருந்தது. என் கணவர் சாப்பாட்டில் கை வைக்கும்போதெல்லாம், "இடது கையில சாப்பிடட்டுமா, வலது கையில சாப்பிடட்டுமா? எழுதிக்கிறியா?" என்று கேட்க ஆரம்பித்தார்.

ஒன்பதாம் நாள் பௌர்ணமி. பாதையில் கால் வைக்க இடமில்லை. அன்றைய பக்கம் காலி. மறுநாளும் கூட்டம் முழுதாகக் கலையவில்லை. அதுவும் காலி. முப்பத்தொன்றில் இரண்டு போனது எனக்குப் பெரிய இழப்பாகத் தோன்றியது. "மலையைச் சுத்த வர்றவங்களைப் போய்த் திட்டாதீங்கண்ணி, பாவம் சேரும்," என்றாள் நாத்தனார். "உங்க நோட்டுக்காக அண்ணாமலையாரு பௌர்ணமியை ஒத்தி வைப்பாரா?"

காலில் கறுப்புப் பட்டையோடு ஓடுகிற பெண்ணைப் பாதையில் எல்லோரும் பார்த்தார்கள். தாயத்தா என்று சிலர் கேட்டார்கள். தினமும் விடியற்காலையில் செருப்பில்லாமல் சுற்றிவரும் பெரியவர் ஒருவர் டீக்கடையில் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, நான் பட்டையை அவிழ்ப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா அது? ஜாமீன்ல வந்தவங்களுக்குக் கட்டி உடுவாங்களாமே, அதுவா?"

"ஆமாங்க," என்றாள் நாத்தனார், முகம் மாறாமல். "ஊரை உட்டுப் போவக்கூடாதுன்னு எங்க அண்ணிதான் கட்டி உட்டுருக்காங்க."

"இன்னா பண்ணே?"

"இட்லி தீஞ்சிப்போச்சு."

பெரியவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அதன் பிறகு எதிரே வரும்போதெல்லாம் அவர் அவளுக்கு மட்டும்தான் வணக்கம் சொன்னார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினாறு நாள் முடிந்திருந்தது. பதினான்கு நாள் பதிவு. பதினான்கிலும் இடது கால் வலதைவிட ஒன்றரை மடங்கு புவியீர்ப்புக்கு மேல் அதிகமாக அதிர்ந்திருந்தது. நான் எழுதிய நோட்டே அவளுக்கு எதிரான சாட்சியாக ஆகிக்கொண்டிருந்தது.

பதினேழாம் நாள் மாலை நோட்டையும் செல்போனையும் எடுத்துக்கொண்டு பிசியோதெரபிஸ்டிடம் போனோம். அவர் முதலில் செல்போனில் இருந்த கோடுகளைப் பார்த்தார்.

"மேடம், தினமும் இந்த மூணு இடத்துல கோடு அப்படியே படுத்துடுதே. கருவி நின்னு போகுதா?"

"இல்ல சார். எமலிங்கம், நிருதிலிங்கம், வருணலிங்கம்," என்றேன்.

அவருக்குப் புரியவில்லை.

"நின்னு கும்புட்டுட்டுப் போறேன் சார்," என்றாள் நாத்தனார். "ஓடிக்கிட்டே கன்னத்துல போட்டுக்கினா நல்லாவா இருக்கும்?"

அவர் சிரித்துக்கொண்டே நோட்டைப் புரட்டினார். ஒவ்வொரு நாளுக்கும் பதினோரு கட்டங்கள் வைத்திருந்தேன். நேரம், வெயில் அல்லது மூட்டம், காலணி, எந்தப் பெட்டி எந்தக் கால், பட்டை, குடித்த தண்ணீர் என்று. அவர் மெச்சுவார் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்தேன். அவர் புரட்டிக்கொண்டே போய், பின் அட்டையையும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இது போறப்ப எடுத்தது. திரும்பி ஓடி வர்றப்ப எடுத்தது எங்க?"

"திரும்பி ஸ்கூட்டர்ல வந்துடுவோம் சார்."

"தினமுமா? ஒரு நாள்கூட அடி அண்ணாமலையிலேருந்து இந்தப் பக்கமா ஓடலையா?"

நானும் நாத்தனாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவர் கேட்டது எங்களுக்கு உடனே பிடிபடவில்லை. மலையை எப்போதும் வலது கைப்பக்கம் வைத்துத்தான் இங்கே எல்லோரும் போவார்கள். நடப்பவரும் அப்படித்தான், ஓடுபவரும் அப்படித்தான், நேர்த்திக்கடனுக்கு உருண்டு போகிறவரும் அப்படித்தான். அதை யாரும் ஒரு விதி என்று சொல்லிக்கொடுப்பதில்லை. கிணற்றில் தண்ணீர் கீழேதான் இருக்கும் என்பதை யாரும் சொல்லிக்கொடுக்காத மாதிரி.

"ரோட்டுல எந்தப் பக்கம் ஓடுறீங்க?" என்றார்.

"இடது ஓரம்," என்றாள் அவள்.

"எப்பவுமா?"

"மலைப்பக்கம் சித்தருங்க சுத்துவாங்க சார். நம்ம இந்தாண்டதான் போவணும்."

அவர் பேனாவை எடுத்து ஒரு மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் சாலையைக் குறுக்கே வெட்டினால் எப்படி இருக்கும் என்று வரைந்தார். நடுவில் உயரம், இரண்டு ஓரமும் சரிவு. மழைத் தண்ணீர் வடிய வேண்டும் என்பதற்காக எல்லாச் சாலையும் அப்படித்தான் போடுகிறார்கள். அந்தச் சரிவின் இடது ஓரத்தில் ஒரு பெண்ணை வரைந்தார். வலது கால் உயரத்தில் இறங்குகிறது. இடது கால் தாழ்வில் இறங்குகிறது. ஒவ்வொரு அடியிலும் இடது கால் கூடுதலாக விழுந்து இறங்குகிறது.

"கால்ல தப்பா, ரோட்டுல தப்பான்னு இதை வச்சு எப்படி மேடம் சொல்ல முடியும்? நீங்க ஒரே பக்கத்தைத்தானே பதினஞ்சு தடவை அளந்திருக்கீங்க."

அந்த நேரத்தில் எனக்கு வந்த கோபம் யார் மேல் என்று இன்றுவரை பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஒரே ரோடு, ஒரே நேரம் என்று சொன்னவர் அவர். ஓடிப்போய் ஓடியே திரும்புவோம் என்று அவராகவே நினைத்துக்கொண்டதும் அவர்தான். ஆனால் ஒவ்வொரு ஜூன் மாதமும் ஆய்வக மேசைகளில் ரசமட்டம் வைத்து, சரிந்திருந்தால் காலுக்கு அட்டை செருகுவது நான். மேசைச் சரிவு அரை மில்லிமீட்டர் இருந்தால்கூடக் கண்டுபிடிப்பேன். பதினோரு கட்டங்களில் ஒன்றைக்கூடச் சாலையின் பக்கத்துக்கு ஒதுக்கவில்லை. மாறக்கூடியதற்குத்தான் கட்டம் போடுவோம். அது மாறக்கூடியது என்றே எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் விடியற்காலையில் அவள் வழக்கம்போல் ஓடி முடித்ததும், கல்லூரி ரசமட்டத்தைக் கொண்டுபோய்ச் சாலையின் இடது ஓரத்தில் வைத்தேன். குமிழி உடனே மேட்டுப்பக்கம் ஓடி ஒட்டிக்கொண்டது. பத்து இடத்தில் வைத்துப் பார்த்தேன். பத்திலும் அப்படித்தான். "ரோடு போடப் போறாங்களா?" என்று நடந்து போனவர்கள் கேட்டார்கள். இரண்டு பேர் எங்கள் தெருவிலும் போடச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள்.

இனி செய்ய வேண்டியது எளிது. அடி அண்ணாமலையிலிருந்து ஆசிரமம் நோக்கி, அதே சாலையில், அதே வெளி ஓரமாகவே ஒரு நாள் ஓடி வர வேண்டும். அப்போது சரிவு வலது கால் பக்கம் இருக்கும். என்ன மாறுகிறது என்று பார்த்துவிடலாம். பிசியோதெரபிஸ்டும் அதைத்தான் கேட்டிருந்தார். கடைசித் தேதிக்குப் பதின்மூன்று நாள் இருந்தது.

நாத்தனார் முடியாது என்றாள்.

"எதிர்ச்சுத்தா? நானா? அண்ணி, கால் போனாலும் பரவால்ல, அது மட்டும் முடியாது."

"தினமும் ஸ்கூட்டர்ல எதிர்ச்சுத்துதானே வர்றே?"

"வண்டில வர்றது வேற."

"எப்படி வேற?"

"வேறன்னா வேற. வண்டிதானே சுத்துது, நானா சுத்துறேன்?"

"ஸ்டேடியத்துல இடது பக்கமாத்தானே சுத்தி ஓடுவீங்க? அது எதிர்ச்சுத்து இல்லியா?"

"அங்க நடுவுல இன்னா, சாமியா உக்காந்திருக்கு? லாங் ஜம்ப் மண்ணுதான் இருக்கு."

என் கணவர் இதில் தங்கை பக்கம் சேர்ந்துகொண்டார். "எதிரே வர்றவன் அத்தனை பேரும் உன்னைத்தான் கேட்பான். பதில் சொல்லவே ஒரு ஆள் கூட ஓடணும்," என்றார். கீழ்பென்னாத்தூருக்குப் போய் வயல் சாலையில் ஓடிப் பார்க்கலாம் என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். கடலை மூட்டை ஏற்றிய வேன்கள் உடைத்துப் போட்ட சாலை. நூறடிக்கு ஒரு பள்ளம். இரண்டு கால்களும் பன்னிரண்டு, பதின்மூன்று என்று தாறுமாறாகக் காட்டின. அந்தப் பக்கத்தைக் குறுக்கே அடித்துவிட்டேன். நகரத்து மைதானத்திலோ ஏதோ விழாவுக்குப் பந்தல் கால் நட்டிருந்தார்கள். மூன்று நாள் இப்படியே வீணாகப் போனது. அந்த மூன்று நாளும், வீணாகக் கூடாது என்று, அவளை வழக்கம்போல் அதே இடது ஓரத்தில் ஓட வைத்துப் பதிவு எடுத்துக்கொண்டுதான் இருந்தேன். ஞாயிறன்று விடியற்காலையில் இங்கே ஓடிவிட்டுத்தான் பஸ் ஏறினோம். எதற்கு என்று கேட்டால் அன்று என்னிடம் பதில் இருந்தது: தொடர்ச்சி விட்டுப்போகக் கூடாது.

வழி அவளேதான் கண்டுபிடித்தாள். இருபத்திரண்டாம் நாள் காலை, பட்டை கட்டக் காலை நீட்டியவள், "நான் திரும்பி ஓட மாட்டேன். ஆனா ரோட்டுக்கு அந்தாண்டப் பக்கம் ஓடுறேன். மலைப்பக்கமா. அங்க சரிவு அந்தப் பக்கம்தானே இருக்கும்?" என்றாள்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. திசையையும் பக்கத்தையும் ஒன்றாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். போகிற திசை மாறாமலே சரிவு மட்டும் மாறும்.

"சித்தருங்க?" என்றேன்.

"ஓரமா ஒதுங்கிக்குவாங்க. அவங்களுக்கு இல்லாத இடமா?" என்றாள். பிறகு கையை மலைப்பக்கம் கூப்பி, "ரெண்டே நாளுதான் சாமி, ஆபீஸ் வேலை," என்று சொல்லிவிட்டு சாலையைக் கடந்தாள்.

இரண்டு நாள் மலைப்பக்கமாக ஓடினாள். எதிரே வந்த வண்டிகளுக்கு நான் முன்னால் போய்க் கை காட்டினேன். முதல் நாள்: இடது 6.3, வலது 7.7. இரண்டாம் நாள்: இடது 6.4, வலது 7.7. டீக்கடையில் அந்த எண்களைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன். தராசு புரண்டுவிட்டது. கால் சரியாக இருக்கிறது, சாலைதான் காரணம். இத்தனை நாளும் அந்தக் காலைச் சந்தேகப்பட்டோமே என்று அவளிடம் சொன்னேன். அவள் டீயை ஊதிக்கொண்டே, "நல்லதாப் போச்சு," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். களைப்பு என்று நினைத்தேன்.

அன்று மாலையே போனோம். எல்லாவற்றையும் ஒரு தனித்தாளில் இரண்டு பத்திகளாக எழுதிக்கொண்டு போனேன். இடது ஓரம் ஒரு பத்தி, மலைப்பக்கம் ஒரு பத்தி. பிசியோதெரபிஸ்ட் படித்துவிட்டுத் தலையை ஆட்டினார். "அருமையா இருக்கு மேடம். ரோடுதான். சந்தேகமே இல்ல." கடிதம் எழுதும் தாளை இழுத்து வைத்துக்கொண்டார். பேனாவின் மூடியையும் கழற்றிவிட்டார். அப்புறம் ஏதோ நினைத்தவராக என்னைக் கேட்டார்.

"மொத்தம் எத்தனை நாள் அந்த இடது ஓரத்துல ஓடுனாங்க?"

"பத்தொன்பது நாள்."

"பத்தொன்பது நாள்," என்று அவர் திரும்பச் சொன்னார். "ரோடு காரணம்னாலும் அதிர்ச்சி வாங்குனது கால்தானே? தெரிஞ்ச பிறகும் ஓடுனாங்களா?"

நான் பதில் சொல்வதற்குள் அவர் எழுந்து வந்து அவளைக் கட்டிலில் உட்காரச் சொன்னார். இடது காலைப் பிடித்து, எலும்பின் உட்பக்க ஓரமாகக் கட்டைவிரலை மேலிருந்து கீழே அழுத்திக்கொண்டே வந்தார். கணுக்காலுக்கு மேலே நான்கு விரல் அகலத்தில் வந்ததும் அவளுடைய கால்விரல்கள் ஐந்தும் உள்ளே மடங்கின. முகத்தில் ஒன்றும் இல்லை. விரல்கள் மட்டும் மடங்கின.

"எத்தனை நாளா?" என்றார்.

அவள் என்னைப் பார்க்காமல் சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்தாள். "கொஞ்ச நாளா."

"ஓடுறப்ப மட்டுமா, நடக்கறப்பவுமா?"

"படி இறங்கறப்பவும்."

அவர் பேனாவை மூடி வைத்தார். எக்ஸ்ரே எடுக்க வேண்டும், அதில் உடனே தெரியாமலும் போகலாம், எப்படியும் ஆறு வாரம் ஓடக் கூடாது என்றார். இன்னும் ஏதேதோ சொன்னார். எனக்கு ஒரு விஷயம்தான் மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு நாள் அவள், பட்டையைக் கொஞ்சம் மேலே தள்ளிக் கட்டுங்களேன் அண்ணி என்று கேட்டிருந்தாள். இடம் மாறினால் எண் மாறும் என்று அதட்டிவிட்டு, அதே இடத்தில், விரல் நுனி மட்டும் நுழையும் இறுக்கத்தில் கட்டினேன். அதற்கு அப்புறம் அவள் கேட்கவே இல்லை.

வெளியே வந்து ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றோம். செங்கம் சாலையில் சாயங்காலக் கூட்டம். நான்தான் முதலில் கத்தினேன். வலிக்கிறதா என்று தினமும் கேட்டேனே, இல்லை இல்லை என்று சொன்னாயே, நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே நிறுத்தியிருப்பேனே, இத்தனை நாள் நான் எதை அளந்துகொண்டிருந்தேன் என்று கேட்டேன். போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"சொன்னா எழுதிடுவீங்க," என்றாள்.

"எழுதினா என்ன?"

"எழுதினா அதை அவரு படிப்பாரு. படிச்சா கையெழுத்துப் போட மாட்டாரு. போன வருஷம் பத்து நாள்ல போச்சு. இந்த வருஷமும் போவணுமா? பல்லைக் கடிச்சுக்கினு ஒரு மாசம் ஓட்டிட்டா, போட்டி பன்னெண்டரை ரவுண்டுதான் அண்ணி. ஓடிட்டு அப்புறம் கால் என்ன ஆனா என்னன்னு இருந்தேன்."

அவள் அங்கேயே நின்றபடி அலுவலகத்தில் விளையாட்டுப் பட்டியல் தயாரிப்பவருக்குப் போன் செய்தாள். என் பெயரை எடுத்துடுங்க சார் என்றாள். அந்தப் பக்கத்தில் என்ன கேட்டார்களோ, "இல்ல சார், வீட்ல எந்தப் பிரச்சனையும் இல்ல. கால்தான்," என்றாள். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "இல்ல சார், அடுத்த வருஷம்னு இப்பவே ஒண்ணும் சொல்ல முடியாது," என்று வைத்துவிட்டாள்.

பின்னால் ஏறி உட்கார்ந்ததும் இடது காலைக் கையால் தூக்கிக் கால்மேடையில் வைப்பது கண்ணாடியில் தெரிந்தது. எத்தனை நாளாக அப்படித் தூக்கி வைக்கிறாளோ. நான் முன்னால் சாலையைத்தான் பார்த்து ஓட்டியிருக்கிறேன்.

வீட்டு வாசலில் இறங்கும்போது கேட்டேன். "எந்தத் தேதியிலேருந்து? அதை மட்டும் சொல்லு."

"எதுக்கு?"

"தெரிஞ்சுக்கத்தான்."

"நோட்டுல ஏத்த மாட்டேன்னு சொல்லுங்க. சொல்றேன்."

ஏற்ற மாட்டேன் என்றேன். அவள் சொன்னாள். சொல்லிவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் வலது காலை முதலில் வைத்து மாடிக்கு ஏறினாள்.

உள்ளே போய் அந்தத் தேதியின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். நான் நினைத்திருந்ததைவிட மிகவும் முன்னால் இருந்தது. இடது 7.9, வலது 6.3, புதுக் காலணி, மூட்டம், தண்ணீர் அரை பாட்டில் என்று என் கையெழுத்தில் இருக்கிறது. அதில் வேறு எதையும் சேர்க்கவில்லை.